மஞ்சள் விளக்கு எரிந்த கார்

ரொறன்ரோ விமான நிலையத்திலிருந்து மல்வேர்னில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போகும் வழியில் நான் முதலில் பார்த்தது பனியை அல்ல, அத்தானுடைய காரின் பெற்றோல் முள்ளை. அது அடிக்கோட்டில் படுத்துக் கிடந்தது. பக்கத்தில் சின்னதாக ஒரு பம்பின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. முதன்முதலாகக் கனடாவைக் கண்டபோது எப்படி இருந்தது என்று பிறகு பலர் கேட்டார்கள். அந்த விளக்கைத் தவிர எனக்கு ஒன்றும் ஞாபகம் இல்லை.

நானும் என் கணவரும் மட்டக்களப்பில் ஒரு பெற்றோல் செட் நடத்துகிறோம். இருபத்திரண்டு வருடமாக, காலையில் நிலத்தடித் தாங்கிக்குள் அளவுகோலை இறக்கி, அது எவ்வளவு உயரத்துக்கு நனைந்திருக்கிறது என்று பார்த்த பிறகுதான் நான் தேத்தண்ணி குடிப்பேன். முள் காட்டுவதை நம்பமாட்டேன், கோலைத்தான் நம்புவேன். நாடு பெற்றோல் இல்லாமல் தவித்த வருடத்தில் எங்கள் செட்டிலிருந்து பாலம் வரைக்கும் வரிசை நின்றது. அந்த வரிசையைப் பார்த்தவளுக்குக் காலித் தாங்கியோடு ஊர் சுற்ற மனம் வருமா?

“அத்தான், பெற்றோல் முடியப் போகுது” என்றேன்.

“இஞ்ச காஸ் எண்டு சொல்லவேணும்” என்று சிரித்தார். “உந்த லைற் பத்தினாப் பிறகும் அம்பது, அறுபது கிலோமீற்றர் ஓடும். நாளைக்கு விலை குறையுதாம். நாளைக்கு அடிப்பம்.”

ரொறன்ரோவில் நாளைய பெற்றோல் விலை இன்று பின்னேரமே தெரிந்துவிடுகிறது. வானொலியில் சொல்கிறார்கள், வாட்சப்பில் வருகிறது. அத்தான் அதை ராசிபலன் மாதிரிப் பார்ப்பார். குறையும் என்றால் நாளைக்குக் காத்திருப்பார். கூடும் என்றால், கூடினது எப்படியும் இறங்கும் என்று அதற்கும் காத்திருப்பார். யாழ்ப்பாணத்தில் பொருளாதாரத் தடை இருந்த நாளில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓடிய மனிதர் அவர். ஒரு சொட்டில் எவ்வளவு தூரம் போகலாம் என்பது அவருக்கு ஒரு விளையாட்டாகவே போய்விட்டது.

நான் வந்தது அக்காவுக்காக. முழங்காலில் ஆபரேஷன் செய்து ஒரு கிழமை ஆகியிருந்தது. ஒரு மாதம் சமைத்துப் போட்டு, குளிக்க வைக்க ஆள் வேண்டும். அவர்களுடைய ஒரே மகள் ஷாமினி நகரத்துக்கு வெளியே ஸ்ரௌவ்வில்லில் புது வீடு வாங்கிக்கொண்டு போய்விட்டாள். கைக்குழந்தையோடு அவளால் தினமும் வர முடியாது. மாசி மாதம் குளிர் எப்படியிருக்கும் என்று நான் கேட்டபோது, “ஐஸ்பெட்டிக்குள்ள இருந்து ஐஸ்பெட்டியப் பார்த்த மாதிரி இரிக்கும்” என்றாள் அக்கா. போனில் சிரித்தேன். வந்து இரண்டாம் நாள் குப்பை போட வெளியே போய் மூக்கு விறைத்தபோது சிரிப்பு வரவில்லை.

குளிரைவிட என்னை உலுக்கியது சத்தமில்லாமை. எங்கள் ஊரில் ஒரு தெரு அமைதியாக இருந்தால் ஏதோ நடந்துவிட்டது என்று பொருள். இங்கே எல்லாத் தெருவும் அப்படித்தான் கிடந்தது. வரிசை வரிசையாக வீடுகள், எல்லாவற்றிலும் வெளிச்சம், ஒரு மனிதத் தலை இல்லை. சமையலறை ஜன்னலால் பார்த்தால் ஒரு பூங்கா தெரியும். மூன்றாம் நாள் காலையில் அங்கே ஒருவர் நடந்துபோன காலடித் தடம் இருந்தது. பூங்காவின் நடுவரைக்கும் போய், அங்கேயே நின்றுவிட்டது. திரும்பி வந்த தடம் இல்லை.

“திரும்பின தடத்தக் காத்து மூடியிருக்கும்” என்றாள் அக்கா, மாத்திரையை விழுங்கிக்கொண்டே. நான் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டு இடைக்கிடை அந்தப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். மத்தியானம் புதுப் பனி விழுந்து முதல் பாதியும் மறைந்துவிட்டது.

நான்காம் நாள் மீன் வாங்கத் தனியாக பஸ்ஸில் போனேன். எனக்கு முன்னால் வேலை உடுப்போடு இரண்டு பெண்கள். ஒருத்தி ஆங்கிலத்தில் சொன்னாள்: “என் கார் முள் நிறைய என்று காட்டுகிறது, ஆனால் வண்டி கிளம்பவே இல்லை.” மற்றவள் தொப்பியை இழுத்துவிட்டுக்கொண்டு, “இந்தக் குளிரில் எல்லாமே பொய் சொல்லும்” என்றாள். இதைக் கேட்டுக்கொண்டிருந்ததில் இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிட்டு வோபர்ன் என்ற இடத்தில் போய் இறங்கினேன். அங்கே ஒரு ரோல்ஸ் கடைக்காரர் தேத்தண்ணி தந்து, “எதிர்ப்பக்கம் நிண்டு இதே நம்பரில ஏறுங்கோ அன்ரி” என்று அனுப்பிவைத்தார். அவரிடம் வாங்கித் தின்ற ஆட்டிறைச்சி ரோல்ஸ் நன்றாகத்தான் இருந்தது. ஆனால் பிறகு மீன்கடையில் ஐஸில் கிடந்த கணவாய் மீனை எங்கள் வாவிக்கரையில் பூனைக்குக்கூடப் போடமாட்டார்கள்.

ஆறாம் நாள் அது நடந்தது.

ஷாமினிக்குக் கொடுக்க இடியப்பமும் சொதியும் இறால் பொரியலும் செய்திருந்தேன். காலையில் வானம் தெளிவாக இருந்தது. பின்னேரம் பனிக்காற்று வரும் என்றார்கள், அதற்குமுன் திரும்பிவிடலாம் என்றார் அத்தான். இடையில் ஒருநாள் பத்து டொலருக்கு அடித்திருந்தார், அப்படியும் முள் பழைய இடத்திலேயே படுத்திருந்தது. விளக்கும் எரிந்தது. நான் சீற்பெல்ற்றைப் போடாமல் உட்கார்ந்திருந்தேன்.

“நிறைய அடிச்சாத்தான் நான் வருவன்” என்றேன்.

என் வாய்க்குப் பயந்து காஸ் ஸ்ரேசனுக்குள் காரைத் திருப்பினார். அங்கே எட்டுப் பத்துக் கார்கள் வரிசையில் நின்றன. பனிக்காற்றுக்கு முன் நிரப்ப வந்தவர்கள். அத்தான் வரிசையைப் பார்த்தார், பலகையில் விலையைப் பார்த்தார், ஒரு சுற்றுச் சுற்றி அப்படியே வெளியே வந்துவிட்டார்.

“இண்டைக்கு ஆரும் அடிப்பினமே? நாளைக்கு நாலு சதம் குறையுது. எழுபது கிலோமீற்றருக்கு இருக்கெண்டு காட்டுது, பாரும்.”

முள்ளுக்குக் கீழே அந்த எண்ணும் தெரிந்தது. இன்னும் எத்தனை கிலோமீற்றர் ஓடலாம் என்று காரே கணக்குப் பார்த்துச் சொல்லுமாம். நான் மனதுக்குள் அவரை நன்றாகத் திட்டினேன்.

ஷாமினியின் வீட்டில் அதிக நேரம் இருந்துவிட்டோம். குழந்தை என் மடியில் தூங்கிப்போனது. இரண்டு மணிக்கு ஜன்னலால் பார்த்த ஷாமினி, “அப்பா, இட்ஸ் ஸ்டார்ட்டிங், இப்ப வெளிக்கிடுங்கோ, இல்லாட்டி இங்கேயே நில்லுங்கோ” என்றாள். அக்கா தனியே இருக்கிறாள் என்று கிளம்பினோம். பெரிய ரோட்டில் கார்கள் தேங்கி நிற்கின்றன என்று போன் காட்டியதால் அத்தான் வயல்களுக்கு நடுவே போகும் ஒரு சின்ன ரோட்டைப் பிடித்தார்.

ஐந்து நிமிடம் சரியாக இருந்தது. பிறகு ரோட்டைக் காணவில்லை. பனி மேலிருந்து விழவில்லை, பக்கவாட்டில் ஓடியது. வானம், வயல், ரோட்டு எல்லாம் ஒரே வெள்ளை. கார் போகிறதா நிற்கிறதா என்றே எனக்குத் தெரியவில்லை. அத்தான் மூக்கைக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்டு ஓட்டினார். “ரோட்டு நேரதான் போகும், நேரதான் போகும்” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். ரோட்டு வளைந்தது. நாங்கள் நேரே போனோம்.

இடித்த சத்தம்கூடக் கேட்கவில்லை. மெத்தையில் உட்காருவதுபோல் கார் அரைச் சுற்றுச் சுழன்று பின்பக்கமாகச் சறுக்கி, வாய்க்காலுக்குள் இறங்கிச் சரிந்து நின்றது.

அத்தான் அவசர எண்ணுக்குப் பேசினார். பனி அள்ளும் வண்டி வரும்வரை எங்களை எடுக்க முடியாது, இரண்டு மணித்தியாலமாவது ஆகும் என்றார்கள். காரை விட்டு இறங்கி நடக்கக் கூடாது. எஞ்சினை விட்டு விட்டுப் போடவேண்டும். புகைக்குழாயைப் பனி மூடாமல் பார்க்கவேண்டும். ஒரு கண்ணாடியைக் கொஞ்சம் இறக்கி வைக்கவேண்டும். அத்தான் எல்லாவற்றுக்கும் ஓம் போட்டுவிட்டு வெளியே இறங்கினார். பின்னால் போய்ப் பனியைக் கையாலும் காலாலும் அள்ளித் தள்ளினார். கண்ணாடி வழியாக அவருடைய முதுகு தெரிந்தது, பிறகு தெரியவில்லை, பிறகு மறுபடி தெரிந்தது. திரும்பி வந்தபோது அறுபத்தெட்டு வயது அவர் முகத்தில் அப்படியே தெரிந்தது.

காற்று அவருடைய பக்கம் அடித்ததால், என் பக்கத்துக் கண்ணாடியை ஒரு விரல் அளவு இறக்கினார்.

“காத்து வரவேணுமாம். உதை மூடாதையும். எனக்குச் சரியாக் களைச்சுப் போச்சு. ஒரு பத்து நிமிசம் கண்ணை மூடுறன். பத்து நிமிசத்தில எழுப்பும், எஞ்சினை நிப்பாட்டுவம். நீர் முழிச்சிரும்.”

நான் ஓம் என்றேன். அந்த ஓமை இப்போது நினைத்தாலும் எனக்கு என்மேல் கோபம் வருகிறது.

அந்த ஒரு விரல் இடைவெளியால் பனி உள்ளே வந்து என் கழுத்தில் விழுந்தது. காதுக்குள் ஊசி ஏற்றியதுபோல வலித்தது. அக்காவின் பழைய கோட்டை இழுத்துப் போர்த்திப் பார்த்தேன், முடியவில்லை. கொஞ்ச நேரம்தானே, சூடேறியதும் திறந்துவிடலாம் என்று பட்டனை அழுத்தினேன். கண்ணாடி மேலே போய்ச் சேர்ந்தது. காற்றின் ஊளை சட்டென்று நின்றது. ஹீற்றர் மட்டும் மெல்ல மூச்சுவிட்டது. எவ்வளவு சுகமாக இருந்தது தெரியுமா?

பத்து நிமிடத்தில் அவரை எழுப்பவில்லை. பாவம், தூங்கட்டும் என்று விட்டேன். முள்ளுக்குக் கீழே இருந்த அந்தக் கிலோமீற்றர் எண்ணைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இருபத்தொன்பது என்று காட்டியது. பிறகு பார்த்தபோது இருபத்துநான்கு. கார் ஓரடிகூட நகரவில்லை, தூரம் மட்டும் குறைந்துகொண்டே வந்தது. பதினேழு. நாங்கள் உட்கார்ந்த இடத்திலிருந்தே எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறோம் என்று தோன்றியது. எங்கே என்று யோசிக்க முயன்றேன். தலை கனத்தது. நெற்றியில் யாரோ துண்டை இறுக்கிக் கட்டியதுபோல இருந்தது. கண்ணாடியைத் திறக்கவேண்டும் என்ற நினைப்பு வந்தது, வந்த வழியே போய்விட்டது.

அப்போது பின்சீற்றில் ஒருவர் இருமினார்.

திரும்பிப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, யார் என்று எனக்குத் தெரியும். வரிசை நின்ற வருடத்தில், எங்கள் செட்டில் இரண்டு நாளாக ஆட்டோவோடு காத்திருந்த ஒரு மனிதர். நீலச் சாரமும் வெள்ளைச் சேட்டும் போட்டிருந்தார். இரண்டாம் நாள் மத்தியானம் பெற்றோல் முடிந்தது. நான்தான் வெளியே வந்து, “முடிஞ்சுது, நாளைக்கு வாங்க” என்று சொன்னேன். எல்லாரும் ஏசிக்கொண்டு வண்டியைத் திருப்பினார்கள். அவருடைய ஆட்டோ மட்டும் அசையவில்லை. கிட்டப் போய்த் தோளைத் தொட்டபோது சரிந்து விழுந்தார். நான் முடிஞ்சுது என்று சொன்னபோது அவருக்கு உயிர் இருந்ததா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

“இன்னும் எத்தின பேர் இரிக்காங்க முன்னுக்கு?” என்று அவர் கேட்டார். எங்கள் ஊர்ப் பேச்சு. நிதானமான குரல்.

வெளியே பார்த்தேன். வெள்ளைக்குள் வண்டிகள் நின்றன. ஒன்றன்பின் ஒன்றாக, விளக்கில்லாமல், கண்ணுக்கெட்டிய தூரம்வரை. ஒவ்வொன்றிலும் ஒருவர் முன்னால் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாக இருக்கவில்லை. அதுதான் இப்போது நினைக்கப் பயமாக இருக்கிறது.

“கனபேர் இரிக்காங்க” என்றேன்.

“பெற்றோல் வருமா?”

எண் இருந்த இடத்தைப் பார்த்தேன். அதில் எண் இல்லை, மூன்று சின்னக் கோடுகள்தான் இருந்தன. பழக்க தோஷத்தில் என் வாய் அதே சொல்லைச் சொன்னது.

“முடிஞ்சுது.”

எஞ்சின் ஒருதரம் குலுங்கி நின்றது.

எவ்வளவு நேரம் அப்படி இருந்தேன் என்று சொல்ல முடியாது. ஹீற்றர் நின்றதும் குளிர் காலிலிருந்து ஏறியது. அதோடு வயிற்றைப் புரட்டியது. காருக்குள் வாந்தி எடுக்கக் கூடாது என்ற வெட்கத்தில்தான் கதவைத் தள்ளித் திறந்தேன். பாதிதான் திறந்தது. பனிக்குள் தலையை நீட்டி வாந்தி எடுத்தேன். மூச்சு உள்ளே போகப் போக, மூடிய கண்ணாடி ஞாபகம் வந்தது. திரும்பி அத்தானைப் பார்த்தேன். வாய் திறந்திருந்தது. கன்னம் ரோசா நிறத்தில் அழகாக இருந்தது.

“அத்தான்” என்று கூப்பிட்டேன், உலுக்கினேன், அறைந்தேன். அக்காவின் புருஷனை அறைகிறோமே என்று பார்க்கவில்லை. கோட்டைப் பிடித்து இழுத்து, அவர் தலையை என் மடிக்கு மேலாகக் கதவுப் பக்கம் கொண்டுவந்தேன். “மூச்சு விடுங்க, மூச்சு விடுங்க” என்று கத்தினேன். முகத்தில் பனியை அள்ளித் தேய்த்தேன். நெடுநேரத்துக்குப் பிறகு அவர் முனகியபோது நான் அழுதேன்.

நீல விளக்கு சுழலப் பனி அள்ளும் வண்டி வந்தது. அதன் பின்னால் தீயணைப்பு வண்டி. ஒருவர் கையில் விஷப்புகையை அளக்கும் ஒரு சின்னக் கருவியோடு காருக்குள் குனிந்தார். கதவு அவ்வளவு நேரம் திறந்து கிடந்தும் அது கீச்கீச்சென்று கத்தியது. அவர் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்து தன் கூட்டாளியிடம், “குழாய் முழுதும் புதைந்து கிடக்கிறது” என்றார். பிறகு எங்களிடம் வந்து, காரில் எத்தனை பேர் இருந்தீர்கள் என்று கேட்டார்.

அத்தான் மூன்று விரலைக் காட்டினார்.

உடனே நான்கு பேர் கோல்களோடு வயலுக்குள் இறங்கினார்கள். காரைச் சுற்றிப் பனியைக் குத்திக் குத்திப் பார்த்தார்கள். குரல் கொடுத்தார்கள். இரண்டு பேர்தான் என்று நான் சொல்லியிருக்கலாம். சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவேயில்லை. அவர்கள் தேடுவது சரி என்றுதான் பட்டது. ஷாமினிக்குப் போன் எடுத்துக் கேட்ட பிறகுதான் தேடுவதை நிறுத்தினார்கள்.

ஆஸ்பத்திரியில் எங்கள் மூக்கில் ஒட்சிசன் வைத்தார்கள். குழாய் அடைபட்டதால் காருக்குள் வந்த புகைக்கு மணமும் இல்லை நிறமும் இல்லை, அது மூளைக்குள் போனால் இல்லாததெல்லாம் தெரியும், கேட்கும் என்று டாக்டர் விளக்கினார். சின்னப் பெண், பொறுமையாகச் சொன்னாள். காரில் கண்ணாடி திறந்திருந்ததா என்று கேட்டாள். அத்தான் என்னைப் பார்க்காமலே, குளிர் தாங்காமல் தானே மூடிவிட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். அந்த அளவு ஆங்கிலம் எனக்கு விளங்கும். எஞ்சினை யார் நிறுத்தினது என்று அடுத்ததாகக் கேட்டாள். ஒருவரும் இல்லை, காஸ் முடிந்துவிட்டது என்றார். அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

தாங்கியில் கடைசிச் சொட்டு வரைக்கும் முடிந்திருக்காது. கார் சரிந்து கிடந்ததால் மிச்சம் இருந்தது குழாய்க்கு எட்டியிருக்காது. பெற்றோல் செட்காரி எனக்கு அது தெரியும். காலையில் என் பேச்சைக் கேட்டு நிறைய அடித்திருந்தால் விடியும்வரை எஞ்சின் ஓடியிருக்கும்.

டாக்டர் போன பிறகு கேட்டேன். “ஏன் அத்தான் மூண்டு பேர் எண்டு சொன்னீங்க?”

அவர் மூக்கில் இருந்த குழாயைச் சரிசெய்தார். “நித்திரைக்குள்ள நீர் ஆரோடையோ கதைக்கிறது கேட்டுது. அதான் ஆள் இருக்கெண்டு நினைச்சன்.”

“நான் பிசத்தியிருப்பன்.”

“ஓம். ஆனா அந்தாளும் கதைச்சவர், வசந்தி. நீர் முடிஞ்சுது எண்டு சொன்னனீர். அதுக்கு அந்தாள், அப்ப சரி எண்டு சொன்னவர்.”

அந்தச் ‘சரி’ என் காதில் விழவில்லை.

அடுத்த நாள் ஷாமினியின் புருஷன் எங்களை மல்வேர்னுக்குக் கொண்டுவந்து விட்டான். அக்கா ஊன்றுகோலோடு வாசலிலேயே நின்றாள். இரவெல்லாம் தூங்கவில்லை என்று முகத்தில் தெரிந்தது. அத்தான் சப்பாத்தைக் கழற்றுவதற்குள் தொடங்கிவிட்டாள். பெற்றோல் செட் நடத்துற பொம்புள நிறைய அடியுங்க எண்டு தலைதலையா அடிச்சுச் சொல்லியிருக்கிறா, நாலு சதத்துக்காக என்ர தங்கச்சியக் கொல்லப் பார்த்தீங்களே, இருபத்தாறு வருசம் இஞ்ச கார் ஓடினவருக்குக் கண்ணாடியத் திறந்து வைக்கத் தெரியாதா என்று மூச்சுவிடாமல் ஏசினாள். அத்தான் சமையலறைக்குப் போய், பருப்பைக் கழுவி அடுப்பில் வைத்தார். அவர் முதுகைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியவில்லை.

“அக்கா, அத்தான் திறந்துதான் வச்சவர். மூடினது நான்” என்றேன். “முழிச்சிருக்கச் சொன்னவர். அதையும் செய்யல்ல. பெற்றோல் நிறைய இருந்திருந்தா ரெண்டு பேரும் செத்திருப்பம்.”

அக்கா ஊன்றுகோலை ஊன்றி ஊன்றி என் முன்னால் வந்தாள்.

“எந்தக் கையால மூடினாய்?”

வலது கையை நீட்டினேன். அடிக்கப்போகிறாள் என்றுதான் நினைத்தேன். அடித்தால் நல்லது என்றும் இருந்தது. அவள் ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டு அந்தக் கையைத் தன் இரண்டு கைகளாலும் பொத்திப் பிடித்தாள். அடுப்பில் பருப்பு அடிப்பிடித்து மணக்கும்வரை அவள் விடவில்லை.